நாட்டு வான்கோழி: கிறிஸ்துமஸுக்கு எதை அறுப்பது, எதை வைத்துக்கொள்வது?

சோலைக்கரை (கோத்தகிரி)

வணக்கம். இங்கே எழுதுவது முதல் தடவை. ஒன்றே கால் ஏக்கரில் வீடு. பாதி பழைய தேயிலை, மீதியில் காய்கறி, ஓரத்தில் நாலைந்து பேரிக்காய் மரம். கூடவே வான்கோழி. கருப்பும் வெண்கல நிறமும் கலந்த நாட்டு ரகம். மார்ச் கடைசியில் பெட்டைகளே அடைகாத்துப் பொரித்தவை இப்போது ஏழாவது மாதத்தில் நிற்கின்றன. பொரித்ததில் பாதிக்கு மேல் சேவல்.

போன மாதம் வரை எல்லாம் ஒன்றாக மேய்ந்து, ஒன்றாக அடைந்தன. இப்போது விடிந்தால் சண்டை. ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்விக்கொண்டு அரை மணி நேரம் விடுவதில்லை. பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் கிழிகிறது. தீவன மூட்டையோ கண்ணெதிரே கரைகிறது. சேவலைக் குறைத்தே ஆக வேண்டும், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. எதைக் குறைப்பது என்பதில்தான்.

கிறிஸ்துமஸுக்கு இப்போதே கேட்கிறார்கள். ஒரு ஹோம்ஸ்டே, குன்னூரில் இரண்டு வீடு, எஸ்டேட் பங்களா ஒன்று. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே பெரிசாக் குடுங்க." அப்புறம், அறுப்பது எப்படி, எங்கே என்பதும் தெரியவில்லை. வாசலில் ரத்தம் கூடாது என்கிறார் மாமியார். பிள்ளைகள் பாதிக்குப் பெயர் வேறு வைத்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

அக்காவா அண்ணனா தெரியவில்லை, வணக்கம். பழனி மலையின் கீழ்ப்பகுதியில், காபிக்கும் மிளகுக்கும் நடுவே வான்கோழி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியதை விற்காதீர்கள்.

எங்கள் பக்கம் வான்கோழி வைத்திருந்த பல வீடுகளில் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன். டிசம்பர் வந்தால் வாங்குபவர் வருவார், கூட்டத்தில் நெஞ்சு அகலமாக, கால் தடியாக நிற்பதைக் கை காட்டுவார், நல்ல விலைக்குப் போய்விடும். மிஞ்சுவது நோஞ்சான், கால் கோணல், கடைசியில் பொரித்தது. அடுத்த வருடம் அப்பன் அதுதான். இப்படியே நாலைந்து கிறிஸ்துமஸ் போனால் சேவல் நாட்டுக்கோழியைவிடக் கொஞ்சம் பெரிதாக நிற்கும். "மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் சிறுத்துப் போச்சு" என்பார்கள். குளிர் என்ன செய்யும்? நல்லதை எல்லாம் விற்றுத் தின்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் வைத்துக்கொள்ள வேண்டியதைத் தேர்ந்து காலில் வளையம் போடுங்கள். வளையம் போட்டது எந்த விலைக்கும் கிடையாது. மீதிதான் விற்பனைக்கு, மீதிதான் சட்டிக்கு. வாங்குபவர் வருகிற அன்று வளையம் போட்ட சேவல்கள் அவர் கண்ணில் படாமல் இருப்பது இன்னும் நல்லது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே நிற்கும்போது நம் உறுதி எல்லாம் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.

சோலைக்கரை (கோத்தகிரி)

அக்காதான். நன்றி அண்ணா. ஆனால் "நல்லது" என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எடையா?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மிளகுக்கொடி சொன்னது சரி, ஆனால் அதைத் தலைகீழாகவும் பிடித்துக்கொள்ளக் கூடாது. இருப்பதிலேயே கனமான சேவல்தான் நல்ல அப்பன் என்று எடுத்துக்கொண்டால் அது வேறொரு குழியில் கொண்டு போய் விடும்.

அமெரிக்காவில் நடந்தது அதுதான். நெஞ்சுக்கறிக்காக அகல நெஞ்சு வான்கோழியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் அந்தச் சேவலால் பெட்டை மேல் ஏறவே முடியவில்லை. இன்று அங்கே பண்ணையில் வளரும் அகல நெஞ்சு வெள்ளை வான்கோழி ஏறக்குறைய அத்தனையும் செயற்கைக் கருவூட்டலில் பிறப்பவை. பழைய ரகங்கள் அழியும் நிலைக்குப் போனபோது அங்கே ஒரு பாதுகாப்பு அமைப்பு "பாரம்பரிய வான்கோழி" என்பதற்கு மூன்று நிபந்தனை வைத்தது. தானாகச் சேர்ந்து இனம் பெருக்க வேண்டும். வெளியில் நீண்ட காலம் வாழ வேண்டும். அதாவது பெட்டை 5 முதல் 7 வருடமும், சேவல் 3 முதல் 5 வருடமும் இனப்பெருக்கத்துக்கு ஆக வேண்டும். மெதுவாக வளர வேண்டும். விற்கும் எடைக்கு வர ஏறத்தாழ 28 வாரம். உங்கள் கருப்புப் பெட்டை தானே அடைகாத்துப் பொரித்தது என்றால் அந்த மூன்றும் அதன் உடம்பில் இருக்கின்றன. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் வேலை.

எடை பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். சேவலை மடியில் மல்லாக்க வைத்து நெஞ்செலும்பின் மேல் விரல் ஓட்டுங்கள். வளைந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் அது சட்டிக்கு. எதிரே நடக்கவிட்டுப் பாருங்கள். இரண்டு கால்களும் அகன்று நேராக நிற்க வேண்டும், முட்டி உள்ளே இடிக்கக் கூடாது, விரல் கோணக் கூடாது. மாலையில் அடையும்போது உயரக் கொம்புக்குத் தாவுகிறதா, தரையிலேயே படுத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். தாவ முடியாத கனம் உங்களுக்கு வேண்டாம். அப்புறம் அம்மாவைப் பாருங்கள். எந்தப் பெட்டை ஒழுங்காக அடையில் உட்கார்ந்தது, எது குஞ்சுகளைக் காப்பாற்றிக் கரையேற்றியது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதன் மகன் கொஞ்சம் எடை குறைந்தாலும் அவனை வையுங்கள்.

மனிதர் மேல் பாயும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே போக வேண்டியது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் பரம்பரையிலும் வரும்.

ஊட்டிப் பனி

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். நந்தனம் வான்கோழி என்று சொல்கிறார்களே, அது பாரம்பரிய ரகத்தில் சேருமா? என்னிடம் இருப்பது அதுதான் என்று கொடுத்தவர் சொன்னார்.

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

நந்தனம் 1 என்பது சென்னை நந்தனத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின நிலையத்தில் உருவாக்கியது. நாட்டுக் கருப்பையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்தது. அந்தச் சிறு வெள்ளையும் 1930களில் அமெரிக்க அரசின் ஆய்வுப் பண்ணையில், சின்னக் குடும்பத்துக்கும் சின்ன அடுப்புக்கும் ஏற்ற மாதிரி உருவாக்கிய ரகம். இரண்டும் தானாகச் சேர்ந்து பெருகக் கூடியவை. பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் வையுங்கள்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

"வெள்ளைக்காரன் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டு வந்த பறவை" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியை ஜஹாங்கீர் அரண்மனைக்குக் கொண்டு போனார்கள், அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்தும் வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்தால் நம் கொட்டகையில் இப்போது நிற்கிற சேவல்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், விடுங்கள்.

சோலைக்கரை (கோத்தகிரி)

சரி, எத்தனை சேவல்? பெட்டைகள் ஒன்பது. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் இரண்டு வைத்தால் போதுமா?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

முட்டை கருக்கட்ட ஐந்துக்கு ஒன்று போதும். இனம் நிலைக்க அது போதாது.

ஒரே சேவல், ஐந்து பெட்டை என்று அடைத்து வைத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்த நெருக்கம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடிக்கொண்டே போகும். மூன்று சேவல், ஒன்பது பெட்டை என்றால் அது 6 சதவீதத்துக்குள் நிற்கும். கூடினால் என்ன என்று கேட்கலாம். முட்டை பொரிப்பது குறையும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாகும், பொரித்ததும் சவலையாக நிற்கும். மக்கள் அதை நோய் என்று நினைத்து மருந்து கேட்டு வருவார்கள்.

மூன்று வையுங்கள். மூன்றுக்கும் மூன்று தனி அடைப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று பெட்டை. அதிகச் சேவல் எல்லாம் போன பிறகு சண்டையும் பெட்டையின் முதுகுக் காயமும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை கிழிந்த பெட்டைகளைத் தனியே பிரித்து வையுங்கள். காயத்தில் ஈ உட்காரவிடக் கூடாது.

கத்தி வேண்டாம்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஏழு மாதம் கையில் தீவனம் போட்டு வளர்த்ததைக் "சட்டிக்கு" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள். இடம் இருக்கிறதல்லவா, சேவல்களைத் தனியாக ஒரு கூட்டமாக விட்டு வளர்க்கலாமே? பெட்டை இல்லாவிட்டால் சண்டை குறையும் என்கிறார்கள்.

பூண்டுக்காடு (பூம்பாறை)

குறையும், உண்மைதான். நாங்களும் சேவல்களைத் தனிக் கூட்டமாகத்தான் வைத்திருக்கிறோம், டிசம்பர் வரை. ஆனால் அதற்கப்புறம்? வருடா வருடம் பொரிப்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். யார் தீவனம் போடுவது? தீவனம் கட்டாமல் போனால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்றால், மொத்தக் கூட்டத்தையும் ஒரே நாளில் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதோடு அந்த வீட்டில் வான்கோழி முடிந்தது. எங்கள் கிராமத்தில் அப்படி முடிந்த வீடுகள் உண்டு.

டாக்டர் சொன்ன அமெரிக்கக் கதையிலும் அதுதானே. அங்கே 1997இல் கணக்கெடுத்தபோது பழைய ரகங்களில் இனப்பெருக்கப் பறவைகள் எல்லாமாகச் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தன. அப்புறம் சிறு விவசாயிகளும் சமையல்காரர்களும் அந்தக் கறிதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததால்தான் எண்ணிக்கை ஏறியது. சாப்பிட ஆள் இருந்ததால் வளர்க்க ஆள் வந்தது. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது தம்பி, ஆனால் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

கத்தி வேண்டாம்

தம்பி இல்லை, உங்களைவிட வயது கூட இருக்கலாம். கணக்கு புரிகிறது. எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். நான் முட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அறுப்பதென்றால் காலைக் கட்டித் தொங்கவிட்டு ஜீப்பில் ஊர் ஊராகக் கொண்டு போகாதீர்கள். செக்போஸ்ட் வரிசையில் பார்த்திருக்கிறேன், பார்க்க முடியவில்லை.

பாய் கடை (குன்னூர்)

அதில் நான் உங்கள் கட்சி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கறிக்கடை. உயிரோடு தூக்கிக் கொண்டு அலைவதைவிட வளர்ந்த இடத்திலேயே அறுப்பது பறவைக்கும் நல்லது, கறிக்கும் நல்லது. பயந்து அடித்துக்கொண்ட வான்கோழியின் கறி இறுகிப் போகும்.

சோலைக்கரை அக்கா, ஆள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நீங்களே முதல் தடவை கத்தி எடுக்க வேண்டாம். அனுபவம் உள்ளவர் வந்தாலும் ஏற்பாடு நீங்கள்தான் செய்ய வேண்டும். முந்தின நாள் மாலையிலிருந்து தீவனம் கிடையாது, தண்ணீர் மட்டும். இரைப்பை காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்யும்போது கறியில் அசிங்கம் படாது. பிடிப்பதை விடியும் முன்பே, கொம்பில் அடைந்திருக்கும்போதே செய்யுங்கள். பகலில் துரத்தினால் அதுவும் களைத்துவிடும், நீங்களும் களைத்துவிடுவீர்கள். இரண்டு சிறகையும் சேர்த்து உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். சேவலின் சிறகு முகத்தில் பட்டால் மூக்கு உடையும், விளையாட்டில்லை.

கோழியைத் தலைகீழாக இறக்கி அறுக்கிற கூம்பு வான்கோழிக்குப் பத்தாது. தீவனச் சாக்கின் அடி மூலையில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, தலைகீழாக அதில் இறக்கி, சாக்கைக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். இருட்டாக, இறுக்கமாக இருப்பதால் அடங்கி நிற்கும். தாடைக்குக் கீழே இரண்டு பக்க ரத்தக் குழாயும் ஒரே இழுப்பில் போக வேண்டும். கத்தி தலைமயிரைச் சிரைக்கிற கூர்மையில் இருக்க வேண்டும். நாங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்போம், நீங்கள் உங்கள் முறைப்படி. மூன்று நிமிடமாவது ரத்தம் வடியட்டும், அவசரப்படாதீர்கள்.

வெந்நீர் விஷயத்தில்தான் எல்லோரும் கெடுப்பார்கள். கொதிக்கக் கொதிக்க முக்கினால் தோல் வெந்து இறகோடு உரிந்து வரும். 60, 62 டிகிரி போதும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் முக்கி ஆட்டி எடுத்தால் சிறகின் பெரிய இறகுகூடக் கையோடு வரும். முதலில் சிறகு, வால், அப்புறம் உடம்பு. பெரிய இறகு ஆறிவிட்டால் குறடு வைத்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும்.

சோலைக்கரை (கோத்தகிரி)

பாய், இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. கழிவை என்ன செய்வது? எங்கள் பக்கம் கரடி, சிறுத்தை இரண்டும் உண்டு. மாமியாரின் பயமே அதுதான்.

பாய் கடை (குன்னூர்)

அவர் பயப்படுவது நியாயம். வீட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் ஓடாத மேட்டில் மூன்றடிக்குக் குறையாமல் குழி எடுத்து, கழிவின் மேல் சுண்ணாம்பு தூவி மூடி, மேலே கனமான கல் வையுங்கள். பாத்திரத்தில் பிடித்த ரத்தத்தையும் அதிலேயே கொட்டுங்கள், மண்ணில் சிந்தவிடாதீர்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். சாயங்காலம் அறுத்துவிட்டு ராத்திரி கழிவை வாளியில் வைத்திருந்தால் காட்டுப்பன்றியோ நாயோ வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இறகை மட்டும் உரக்குழியில் போடலாம், மக்க நாளாகும்.

கறியை அன்றே சமைக்காதீர்கள். பிரிட்ஜில் ஒரு நாள் முழுசாகக் கிடக்கட்டும். விறைப்பு அடங்காமல் குக்கரில் போட்டால் எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர்தான். கால் கறியில் வெள்ளையாக எலும்பு மாதிரி நரம்பு இருக்கும், அதைக் குறடால் இழுத்து எடுத்துவிட்டுக் குழம்பு வையுங்கள்.

பந்தலூர் மழை

கறியாக விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 50 பறவைக்குள் அறுப்பவர்களுக்குச் சாதாரணப் பதிவு போதும், பெரிய உரிமம் தேவையில்லை. ஹோம்ஸ்டேக்குக் கொடுக்கும்போது அவர்களே அந்த எண்ணைக் கேட்பார்கள்.

மார்ச்சில் பொரித்தது நல்ல வேலை அக்கா. கிறிஸ்துமஸிலிருந்து 28 வாரம் பின்னால் எண்ணிப் பாருங்கள், ஜூன் 12 வாக்கில் குஞ்சு வெளியே வர வேண்டும். அடைக்காலம் 28 நாள், அப்படியானால் மே நடுவில் முட்டை வைக்க வேண்டும். கணக்கு புத்தகத்தில் அழகாக இருக்கும். எங்கள் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் தேவாலாவில் தலை காட்ட முடியாது. ஒரு வாரக் குஞ்சு ஒரு தடவை நனைந்தால் போதும், மூலையில் ஒண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கும், காலையில் எடுத்துப் போட வேண்டியதுதான். மார்ச், ஏப்ரலில் பொரித்தால் மழைக்கு முன் எட்டு வாரம் தாண்டி இறகு கட்டிவிடும். கிறிஸ்துமஸுக்கு 36, 38 வாரமாகும், தீவனம் கூடப் போகும். போகட்டும். உங்களுக்கு வடகிழக்கு மழைதான் பெரிது என்றாலும் ஜூன் காற்றும் சாரலும் குஞ்சுக்கு ஆகாது.

எங்களுக்கு இன்னொரு தலைவலி கேரள எல்லை. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாடுகாணி, சோலாடி, பாட்டவயல், தாளூர் எல்லாச் சோதனைச் சாவடியிலும் மருந்து தெளித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு சேதி வந்தால் போதும், இங்கே நோயே இல்லாவிட்டாலும் கறி கேட்பவர்கள் நின்றுவிடுவார்கள். அதனால் டிசம்பரை மட்டும் நம்பி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காதீர்கள். அக்டோபரிலேயே கோணல் கால், நோஞ்சான் எல்லாவற்றையும் வீட்டுச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். அதுகளுக்கு டிசம்பர் வரை போடுகிற தீவனம் தண்டம்.

ஊட்டிப் பனி

குஞ்சு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எனக்கு இன்குபேட்டரில் பொரிப்பே சரியில்லை. கருக்கட்டியிருக்கிறது, வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறது, கடைசியில் ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. முட்டை மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கியது.

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கருவுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு, ஓட்டின் துளை வழியே ஈரம் வெளியேறுவது வேகம். சமவெளிப் பெட்டையின் முட்டை அந்த உயரத்துக்கு ஏற்றதல்ல. மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் ஈரப்பத அளவும் சமவெளிக்குத்தான்.

ஈரப்பதத்தை எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள், முட்டையை எடை போட்டு வையுங்கள். 85 கிராம் முட்டை 25ஆம் நாளில் சுமார் 10 கிராம் குறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்குங்கள். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், குளிருக்குப் பயந்து எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முடிந்தால் மலையிலேயே முட்டையிடும் பெட்டையின் முட்டையை வாங்குங்கள்.

ஊட்டிப் பனி

நன்றி சார். நாட்டுக்கோழியை அடை வைத்தால்?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

பொரிக்கும். ஆனால் கருந்தலை நோய் என்று ஒன்று இருக்கிறது. ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி கோழியின் குடலில் உள்ள சின்னப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்த எச்சம் விழுந்த மண்ணில் மேயும் வான்கோழிக்கு ஈரலும் குடலும் புண்ணாகி, கந்தக மஞ்சளாகக் கழிந்து சாகும். புழு முட்டை மண்ணில் வருடக் கணக்கில் கிடக்கும், மண்புழுவும் அதைச் சுமக்கும். நம் மலை மண்ணில் மண்புழுவுக்குப் பஞ்சமா? அதனால் கோழியும் வான்கோழியும் ஒரே நிலத்தில் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

பூண்டுக்காடு (பூம்பாறை)

டாக்டர் சார், மரியாதையாகவே மறுக்கிறேன். எங்கள் வீட்டில் என் மாமனார் காலத்திலிருந்து இரண்டும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. ஒன்றும் ஆனதில்லை. இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தனி நிலம் ஏது?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

உங்கள் மண்ணில் அந்தப் புழு இதுவரை வராமல் இருக்கலாம் அம்மா. சந்தையில் வாங்கிய ஒரு கோழி போதும் உள்ளே கொண்டு வர. வந்தபின் மருந்து கொடுத்து மீட்கலாம் என்று நம்ப முடியாது, இந்த நோய்க்கு இருந்த பழைய மருந்துகள் பல நாடுகளில் தடையாகிவிட்டன. இரண்டையும் சேர்த்தே வைப்பதென்றால் கோழிகளுக்கு முறையாகக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள், வெளிக்கோழி எதையும் சேர்க்காதீர்கள்.

பூண்டுக்காடு (பூம்பாறை)

வெளிக்கோழி சேர்ப்பதில்லை. ஆனால் காட்டுக்கோழி வேலி தாண்டி வந்து மேய்கிறதே, அதை யார் தடுப்பது? சரி, புழு மருந்து மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

தீவனம் பற்றி யாரும் சொல்லவில்லை, முக்கியமானது. வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். அதற்கென்று தனித் தீவனம் மலையில் கிடைக்காது, எல்லோரும் பிராய்லர் ப்ரீஸ்டார்ட்டர் (கறிக்கோழிக் குஞ்சின் முதல் தீவனம்) வாங்கி, அவித்த முட்டையும் கருவாட்டுத் தூளும் கலக்கிறோம். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சாலினோமைசின், நாராசின் என்று இருந்தால் தொடவே வேண்டாம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கப் போடுகிற மருந்து அது, வான்கோழிக்கு விஷம். கால் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சாகும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கூட்டமே அப்படிப் போனது. குளிர் தாக்கிவிட்டது என்றுதான் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேரட் இலை, கோஸ் இலை தாராளமாகக் கிடைக்கிறதே என்று மண்டியில் அள்ளி வருவதும் வேண்டாம். எப்போது மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சொந்தத் தோட்டத்து இலை என்றால் சரி.

சோலைக்கரை (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் செய்ததை எழுதுகிறேன். இருட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்து, எடை போட்டு, நெஞ்செலும்பு தடவிப் பார்த்தோம். பார்வைக்கு ராஜா மாதிரி இருந்த சேவலுக்கு நெஞ்செலும்பு நடுவில் வளைவு. ஹோம்ஸ்டேக்காரர் கை காட்டியதும் அதைத்தான். சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம். மூன்று சேவலுக்குச் சிவப்பு வளையம் போட்டாகிவிட்டது. ஒன்று எடையில் நடுத்தரம்தான், ஆனால் இரண்டு வருடமாகக் குஞ்சு ஒன்றுகூட இழக்காத பெட்டையின் மகன். கால் கோணியது இரண்டு, பிள்ளைகளைக் கொத்தியது ஒன்று, இவற்றைப் பாய் அனுப்பும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து அறுத்துக் கொடுக்கிறார். தேயிலைக்கு அப்பால், பழைய மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்றதும் மாமியார் சம்மதித்துவிட்டார். பெரிய பையன் கூட நின்று பார்க்கிறேன் என்கிறான், சின்னவள் பாட்டி வீட்டுக்குப் போகிறாள்.

ஒரு சந்தேகம் மிச்சம். மூன்று சேவலும் அண்ணன் தம்பி, அல்லது பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை. ரத்த நெருக்கம் அப்படியே தானே இருக்கிறது?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

இருக்கிறது. அதற்கு வழி மாற்றிக்கொள்வது. மூன்று வீடுகள் சேர்ந்தால் போதும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். சேவல் மட்டும் வருடம் ஒருமுறை ஒரே திசையில் நகரட்டும்: கோத்தகிரியில் பிறந்த சேவல் தாண்டிக்குடிக்கு, தாண்டிக்குடிச் சேவல் பூம்பாறைக்கு, பூம்பாறைச் சேவல் கோத்தகிரிக்கு. திசையை மாற்றாதவரை நெருங்கிய ரத்தம் சேர ரொம்பக் காலம் ஆகும்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

நான் தயார். என்னிடம் வளையம் போட்டது நாலு இருக்கிறது, ஒன்று பூம்பாறைக்குப் போகட்டும்.

பூண்டுக்காடு (பூம்பாறை)

நானும் சரி. ஆனால் டாக்டர் என் சேவலை உள்ளே விடச் சம்மதிப்பாரா, கோழியோடு மேய்ந்ததாயிற்றே?

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்)

எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, புழு நீக்கம் செய்து அனுப்புங்கள், விடுகிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் 30 நாள் தனி அடைப்பு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். பார்க்கப் போகிறவர் மற்றக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும், செருப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதும் எழுதி வரட்டும்.

சோலைக்கரை (கோத்தகிரி)

தடுப்பூசி போட்டிருக்கிறது, தேதி எழுதி வைத்திருக்கிறேன். அண்ணா, நான் கீழே மேட்டுப்பாளையம் வரை கொண்டு வந்துவிடுவேன். தாண்டிக்குடியிலிருந்து உங்களுக்கு அவ்வளவு தூரம் முடியுமா? மழை எப்போது விடும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

ஜனவரியில் பொங்கல் முடிந்து கோயம்புத்தூர் வருகிற வேலை இருக்கிறது, அப்போது வாங்கிக்கொள்கிறேன். பூம்பாறை அம்மாவின் சேவலும் அதே வண்டியில் வரட்டும், ஆனால் வேறு வேறு பெட்டியில். சந்தைப் பக்கம் மட்டும் வேண்டாம், ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க் ஏதாவது சொல்லுங்கள். தலை நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குப் பெட்டி இருக்கட்டும், அட்டைப் பெட்டி வேண்டாம், பாதி வழியிலேயே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.